பரிவட்டம் கட்டிய பந்தாட்டக்காரர்

என் பேரன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். வெளிநாட்டில் பெரிய பந்தாட்டக்காரராம். தான் ஆடிய கிளப்புக்கே இப்போது தலைவர் ஆகிவிட்டாராம். “செம இல்ல தாத்தா?” என்றான். இதில் என்ன அதிசயம்? எங்கள் குடும்பத்தில் எப்போதோ நடந்ததுதானே! நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் காஞ்சிபுரத்தில் இன்று இரண்டு இரும்புக் கடை, மூன்று மாடி வீடு என்று நிமிர்ந்து நிற்கிறேன். அந்தத் துணிச்சல் என் மாமா பந்தோடு ஓடியதைப் பார்த்து வந்தது என்றே சொல்வேன்.

மாமா, அம்மாவின் தம்பி. பட்டு நெய்பவர். பகலெல்லாம் தறிக்குழியில் மிதித்த கால், மாலையில் மைதானத்துக்கு வந்தால் வேறு காலாகிவிடும். எதிராளி கோல்கீப்பர் அவரைக் கண்டதும் சாமி கும்பிடுவான். எங்கள் தெரு கிளப்பின் பழைய தலைவர் இறந்ததும் மாமாவையே தலைவராக்கினார்கள். இனி ஆடமாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டார். ஒருவரும் நம்பவில்லை.

அந்த வருடம் இறுதி ஆட்டம் பக்கத்து ஊர் தென்னேரிக்காரர்களோடு. ஆட்டம் தொடங்குமுன் மாமா ஒரு பட்டுத் துணியை நீட்டி, கோவில் மரியாதை போலத் தன் தலையில் பரிவட்டம் கட்டச் சொன்னார். எங்கள் கிளப்பில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. “இறுக்கிக் கட்டுபா” என்று வேறு சொன்னார். பதவி வந்ததும் மண்டைக்கனமும் வந்துவிட்டது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். சிறுவனான எனக்கோ பெருமை. அவர் நாற்காலிக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்துகொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு கோல் வாங்கிவிட்டோம். அதோடு போகாமல், மாமாவின் இடத்தில் ஆடியவனுக்குக் கணுக்கால் பிசகி, தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டம் மொத்தமும் மாமா பக்கம் திரும்பியது.

“இன்னா தலைவரே, மாப்பிள்ளை மாதிரி குந்திக்கினு இருக்கிற? எறங்குபா!”

தென்னேரி கேப்டனே ஓடி வந்தான். “நீங்க வாங்கண்ணே. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. உங்க கூட ஆடினோம்னு சொல்லிக்குவோம்.”

மாமா தலையைத் தொட்டுக் காட்டினார். “பரிவட்டம் கட்டினவன் ஓடக்கூடாதுபா” என்றார்.

பிறகு, ஓரமாக நின்ற ஒல்லிப் பையனைக் கூப்பிட்டார். மாமா ஆடிய காலம் முழுவதும் அந்த இடத்துக்கு இன்னொரு ஆள் தேவைப்படவில்லை. அவன் பந்து பொறுக்கிப் போட்டே வளர்ந்தவன். “போடா. உன் இடம்தான்” என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

அவன் ஓடினான், விழுந்தான், எழுந்தான். ஒவ்வொரு முறை பந்து அவனிடம் போனபோதும் வேட்டிக்குள் மாமாவின் வலது கால், தறி மிதிப்பது போல மண்ணை மிதித்தது. எறும்பு கடிக்கிறதோ என்று குனிந்து தேடினேன். ஒன்றும் இல்லை.

கடைசி நேரத்தில் கோல்கீப்பர் விழுந்து கிடக்க, வாய் திறந்த கோலுக்கு முன்னால் அவனிடம் பந்து வந்தது. வெளியே அடித்தான். தோற்றோம்.

“நீ எறங்கி இருந்தா ஜெயிச்சிருப்போம் மாமா!” என்று கத்தினேன். மாமா நேராகப் போய், அழுதுகொண்டிருந்த அந்தப் பையனைத் தோளோடு அணைத்துக்கொண்டார். “அடுத்த ஆட்டத்துக்கும் நீதான்டா” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பும்போது என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து மிதித்தார். எங்கள் தெரு வந்தது, திரும்பவில்லை. கோவிலைச் சுற்றி மாடவீதி நான்கிலும் விட்டார். மறுபடியும் எங்கள் தெரு வந்தது, அப்போதும் திரும்பவில்லை. முகத்தைப் பார்க்கலாம் என்றால் அவர் எனக்குப் பின்னால் இருந்தார். மூச்சு மட்டும் என் உச்சந்தலையில் சூடாக விழுந்தது. என் கோபத்தைத் தணிக்கத்தான் சவாரி விடுகிறார் என்று நினைத்து, வீதி முழுக்க மணி அடித்துக்கொண்டே போனேன்.