காலுக்குக் கீழே மூன்று தட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கதை கட்டி பயமுறுத்த எனக்கு வராது. மிக்சி, கிரைண்டர், மோட்டார் ரிப்பேர் செய்து பிழைப்பவன் நான். ஒரு சத்தத்தைக் கேட்டாலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். ஆனால் அன்றைக்குக் கேட்ட சத்தம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பேய் என்றால் நள்ளிரவில்தான் வரும் என்பார்கள். எனக்கு இது நடந்தது பட்டப்பகலில், சுற்றிலும் நூறு பேர் உட்கார்ந்திருக்கும்போது.

என் அண்ணன் வெளிநாட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தான். மீனும் இறைச்சியும் பாறையாக உறைந்து கிடக்கும் இடம். ஒருநாள் கம்பெனியிலிருந்து போன். தூக்கத்திலேயே மாரடைப்பு, ஆள் போய்விட்டான் என்றார்கள். முகத்தைப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று அண்ணி ஒற்றைக்காலில் நின்றார். உடலைக் கொண்டுவர நாங்கள் இருவரும் போனோம். அங்கே மேனேஜர் சவப்பெட்டியைக் கண்மூடித் திறப்பதற்குள் காட்டிவிட்டு மூடிவிட்டார்.

"கஷ்டமே படலம்மா. தூக்கத்துலயே போயிட்டார்" என்றார். "பெட்டியும் உங்க பிளேன்லயேதான் வருது. நீங்க மேல, அவர் கீழ."

பிளேன் கிளம்பவே தாமதம். ஏறி உட்கார்ந்ததும் அண்ணி ஜன்னலைத் தடவிப் பார்த்தார்.

"பிளேன்ல ஏறினா ஜன்னலத் திறந்து எட்டிப் பாத்துடாதன்னு உங்க அண்ணன் போன்ல கிண்டல் பண்ணுவார் தம்பி" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறிவிட்டது.

மேலே போய் அரைமணி நேரம் இருக்கும். வலது பக்க இன்ஜினில் ஒரு பல் உடைந்த சக்கரம் சுற்றுவது போல் கரகரவென்று சத்தம். கூடவே ரப்பர் கருகும் வாடை. விளக்குகள் அணைந்து எரிந்தன. பிளேன் சாய்ந்து திரும்பியது. யாரோ சத்தமாக சாமியைக் கூப்பிட்டார்கள். கடைசியில் எங்கோ ஒரு சின்ன விமான நிலையத்தில் தடாலென்று இறங்கி, ஓடுபாதையின் ஓரமாக நின்றது.

கதவைத் திறக்கவில்லை. ஏணி வரவில்லை. ஏசி நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வெயில் தார்த்தரையில் தண்ணீர் போல் நெளிந்தது. "இதோ பத்து நிமிஷம்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மறுபடியும் பத்து நிமிஷம். மறுபடியும். முன் இருக்கையில் இருந்த பெரியவர் சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது.

எனக்கும் வியர்த்தது. ஆனால் முழங்காலுக்கு மேலேதான்.

பாதங்கள் விறைத்துப்போயிருந்தன. ஐஸ் கட்டியின் மேல் வெறுங்காலோடு நிற்பது போல...

"அண்ணி, உங்களுக்கு காலு குளிருதா?"

"நானே கேக்கணும்னு இருந்தேன் தம்பி." அவர் கால்களை மடக்கி இருக்கையின் மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கேட்டது.

டொக்... டொக்... டொக்.

காலுக்கு நேர் கீழே. மணி இரண்டு பத்து.

விமானப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன்.

"லக்கேஜ் நகரும் சார். பயப்படாதீங்க."

"நின்ன பிளேன்ல லக்கேஜ் எப்படிம்மா நகரும்?"

அவள் குனிந்து தரையில் கை வைத்தாள். சுட்டுக்கொண்டவள் போல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். உள்ளங்கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து போனவள், அதற்குப் பிறகு எங்கள் வரிசைப் பக்கமே வரவில்லை.

டொக்... டொக்... டொக்.

மூன்று தட்டு. கொஞ்சம் அமைதி. மறுபடியும் மூன்று. காதைத் தீட்டிக் கேட்டேன். மோட்டார் இல்லை. குழாய் இல்லை. இயந்திரம் இளைப்பாறிக்கொண்டு தட்டாது. இது கை வலித்து, நிறுத்தி, திரும்பத் தட்டுகிற சத்தம்.

"உங்க அண்ணன்தான்" என்றார் அண்ணி. குரலில் நடுக்கமே இல்லை.

"சும்மா இருங்க அண்ணி. பெட்டி ஏதோ..."

"அவர்தான் தம்பி."

நான் தடுப்பதற்குள் குனிந்தார். விரல் முட்டியால் தரையில் தட்டினார்.

டொக். டொக். டொக்.

கீழே சத்தம் நின்றது.

ஒரு மூச்சு நேரம்... ஒன்றுமே இல்லை.

பிறகு வந்தது. டக்டக்டக்டக்டக்கென்று... விடாமல்... வெறி பிடித்தது போல். வெளியே ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டவன் தட்டுவது போல்.

நான் எழுந்து கத்தினேன். "கீழ திறங்க! யாராவது திறங்க!" நாலு பேர் என்னைப் பிடித்து அமுக்கினார்கள். விமானி வந்தார்.

"கீழ யாரு சார் இருக்காங்க?"

"எங்க அண்ணன்."

"பயணியா?"

என்ன சொல்வது? செத்து நாலு நாள் ஆனவன் என்றா? அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். என் தோளைத் தொட்டார்.

"அவர் இறந்துட்டார் சார். உக்காருங்க."

எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்டதே...

அண்ணி தரையில் படுத்து காதை ஒட்டி வைத்திருந்தார். அவர் மூச்சு வெள்ளைப் புகையாக வந்தது. அந்த வெயிலில்.

"தம்பி... மெதுவாகுது."

டொக்... டொக்...

"திறக்கச் சொல்லுங்க தம்பி."

டொக்...

"தம்பி..."

...

அவ்வளவுதான். மணி இரண்டு ஐம்பத்தைந்து.

கால்களில் மெல்லச் சூடு ஏறியது. அண்ணி எழுந்து உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரே ஆளை இரண்டு தடவை பறிகொடுத்தவரின் முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். வேறு பிளேன் வந்து எங்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சரக்குப் பிரிவில் போய் பெட்டியைக் கேட்டோம். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அது வரல சார். இடமில்லன்னு அங்கயே நிறுத்திட்டாங்க. நீங்க வந்த பிளேன்ல அது ஏறவே இல்ல."

மறுநாள் வந்தது. அடக்கம் செய்தோம். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பல மாதம் கழித்து ஒரு மத்தியானம் கடைக்கு போன் வந்தது. அண்ணனோடு ஒரே அறையில் தங்கி, ஒரே கிடங்கில் வேலை பார்த்தவர். அந்த வேலையை விட்டு ஊர் திரும்பிவிட்டாராம். குடித்திருந்தார்.

"உங்க அண்ணன் தூக்கத்துல சாகலங்க. ஐஸ் ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டார். உள்ளேருந்து திறக்குற கைப்பிடி உடஞ்சு கிடந்தது. கம்பெனியில வாயத் திறக்கக்கூடாதுன்னுட்டாங்க."

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

"யாருக்கும் கேக்கலையா?" என்றேன்.

"கேட்டுச்சுங்க... ரெண்டு மணி ஷிப்ட் முடிஞ்சு கிளம்புறோம். உள்ள மூணு மூணா தட்டுற சத்தம். திறக்கலாம்னு நான் கதவுகிட்டவே போயிட்டேன்." அவர் அழ ஆரம்பித்தார். "அதுக்குள்ள பதிலுக்கு யாரோ மூணு தட்டு தட்டினாங்க. தெளிவா கேட்டுச்சு. சரி, அந்தப் பக்கம் ஆள் இருக்கு, அவங்க திறந்துவிடுவாங்கன்னு... நாங்க போயிட்டோம். அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த ரூமுக்கு வேற கதவே கிடையாது. அங்க யாருமே இல்லங்க."

போனை வைத்தேன். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த அண்ணி கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"யாரு தம்பி?"

"ராங் நம்பர் அண்ணி" என்றேன்.