பதினொரு கிலோமீட்டர் மனிதர்

பஸ் நிறுத்தம் கண்ணில் பட்டால் போதும், அவருடைய சின்னக் கார் தானாக ஓரம் கட்டிவிடும். நிற்கிறவர்களில் பாதிப் பேர் அவருடைய பழைய பயணிகள், கதவைத் திறந்துவிடுவார். மூன்றாம் வகுப்புப் பேத்தி பையை மடியில் இழுத்துக்கொண்டு இடம் விடுவாள்.

"தாத்தா, நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

"எனக்கு இருக்கும்மா. இந்தக் காலுக்குத்தான் யாரும் சொல்லல."

இருபத்தேழு வயதில் ஒற்றைப் பெட்டியோடு கடல் தாண்டி வந்தவர். வந்த இடத்தில் முப்பது வருடம் ஒரே தடத்தில், பதினொரு கிலோமீட்டருக்குள் பஸ் ஓட்டினார். "செக்குமாட்டை ஃப்ளைட்ல ஏத்தி இங்க இறக்கிட்டாங்க" என்று தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொள்வார். இந்த நாட்டு மொழியில் அவர் முதலில் கற்றது நிறுத்தங்களின் பெயர்கள்; அடுத்தது, உள்ளே தள்ளிப் போங்கள் என்பது. விருந்துக்குப் போனாலும் ஏழு நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அசடு வழியச் சிரிப்பார்.

மகள் படித்த பள்ளி அந்தத் தடத்தில்தான் இருந்தது. இப்போது பேத்தி படிப்பதும் அங்கேதான். "ஒரு நாளைக்கு எட்டுத் தடவை உன் ஸ்கூலுக்கு வந்தேன்மா. உள்ளதான் வரல" என்று மகளிடம் வேடிக்கையாகச் சொல்வார். ஆண்டு விழா, பரிசளிப்பு எல்லாவற்றுக்கும் மனைவியை அனுப்பிவிட்டு, கூடுதல் ஷிப்ட் பார்த்து மகளைப் படிக்க வைத்தார். மனைவி போய் ஐந்து வருடம் ஆகிறது. இப்போது அவருக்கு மிஞ்சியிருப்பது, காலையில் பேத்தியோடு போகும் அந்த இருபது நிமிடம்தான். விண்ணப்பம் போடாமல் கிடைத்த ஒரே வேலை என்பார்.

அதற்கும் வேட்டு விழுந்தது. ஊராரை ஏற்றி இறக்கியதில் பேத்தி ஒரே வாரத்தில் மூன்று நாள் தாமதம்.

"இன்னொரு தடவை லேட்டானா ஸ்கூல் வேன்தான்ப்பா" என்றாள் மகள்.

"தாராளமா. எனக்கும் ரெஸ்ட் வேணும்ல?" என்று சிரித்தார். அன்றிரவு அலாரத்தை இரண்டு முறை சரிபார்த்தார்.

மறுநாள் காலை கார் சாவியை அவரே மேஜை மேல் வைத்தார். காரில் போனால்தானே கால் பிரேக்குக்குப் போகிறது? பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தன் பழைய பஸ்ஸிலேயே ஏறினார். திருப்பத்துக்குத் திருப்பம், டிரைவருக்கு மனசுக்குள் மதிப்பெண் போட்டுக்கொண்டு வந்தார். பள்ளி நெருங்கியது.

"தாத்தா, பெல்லை அமுக்குங்க."

"எதுக்கு? டிரைவருக்குத் தெரியும்."

அவர் ஓட்டிய காலத்தில், எந்தப் பிள்ளை எங்கே இறங்கும் என்று அவருக்குத் தெரியும். இந்த டிரைவருக்கு இவர்கள் யாரோ. அந்த நிறுத்தத்தில் காத்திருப்பவரும் இல்லை. பஸ் நிற்காமல் போயிற்று. குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்த கதையாக, அடுத்த நிறுத்தம் பாலத்துக்கு அந்தப் பக்கம். மூச்சிரைக்கத் திரும்பி நடந்து சேர்ந்தபோது பள்ளி வாசல் மூடியிருந்தது.

மாலையில் மகள் வந்து விசாரித்ததும், "சீக்கிரமே போயிட்டோம்மா" என்றாள் பேத்தி, கண் இமைக்காமல். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்த பெருமையும் தனக்கு வேண்டுமா?

"பொய்ம்மா. அரை மணி நேரம் லேட்டு. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு பஸ்ஸை விட்டு இறங்கத் தெரியல. நீ வேனுக்குச் சொல்லிடு." இந்த முறை அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தின் முள்ளை அரை மணி நேரம் முன்னால் தள்ளினாள்.

"நாளைலேர்ந்து இதைப் பார்த்துக் கிளம்புங்கப்பா. கார்லயே போங்க. யாரை ஏத்தணுமோ ஏத்திக்கோங்க."

நாற்காலி லேசாக ஆடியது. அவர் எழுந்து போய், அவள் இறங்கும்வரை அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.