கேட்டை நட்சத்திரத்துக்கு ஓர் அர்ச்சனை

ஒருவரை அழிக்கும்படி தெய்வத்திடம் கேட்பவர், தெய்வம் ஆளை மாறிப் பிடித்துவிடாமலிருக்க என்ன செய்ய வேண்டும்? போர் முடிந்து ஊரில் மீள்குடியேறிய வருடமே இரஞ்சிதம் இதற்கு விடை கண்டிருந்தார். பெயரோடு நட்சத்திரத்தையும் சொல்லிவிட வேண்டும்.

புதுக்குடியிருப்புக்கு அப்பால் இருந்த அவருடைய ஊரில் கணபதி என்ற பெயரில் வேறு ஆட்களும் இருந்தார்கள். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டி, ஐயர் "பேர், நட்சத்திரம்?" என்றதும், "கணபதி, கேட்டை" என்பார். அந்தக் கணபதி அடுத்த வளவுக்காரர். அவருடைய மனைவி கமலேஸ்வரி அதே இடத்தில் நின்று சொல்லக் கேட்டுக் கேட்டுத்தான் நட்சத்திரம் இரஞ்சிதத்துக்குப் பாடமாகியிருந்தது. பெயரைச் சொன்ன பிறகு கண்ணை மூடி மிச்சத்தை மனதுக்குள் சொல்வார். கை கால் விளங்காமல் போக வேண்டும். பாயில் கிடந்து அழுந்த வேண்டும். தண்ணீர் கேட்டால் கொடுக்க ஆளில்லாமல் சாக வேண்டும்.

காரணம் ஐயருக்குத் தெரியாது. அவர் பிறகு வந்தவர். ஊருக்குத் தெரியும். போரின் கடைசி மாதங்களில் இயக்கத்துக்காரர் சண்டைக்குப் பிள்ளைகளைப் பிடித்தார்கள். இரஞ்சிதம் மகள் தாட்சாயினியைப் பின்வளவுப் பதுங்கு குழிக்குள் இறக்கி, மேலே விறகை அடுக்கியிருந்தார். வந்தவர்கள் கணபதியின் மகனைப் பிடித்தபோது, கணபதி அந்த விறகைக் கையால் காட்டினார். அவருடைய மகனை விட்டுவிட்டார்கள். தாட்சாயினி திரும்பி வரவில்லை. இறந்துவிட்டாள் என்று சொல்லவும் ஒருவரும் வரவில்லை.

கணபதியோ நன்றாக வாழ்ந்தார். மகன் சுவிஸுக்குப் போனான். உழவு இயந்திரம் வந்தது. கல்வீடு எழும்பியது. ஒவ்வொன்றுக்கும் பதிலாக இரஞ்சிதம் ஒரு தேங்காயைக் கூடுதலாக உடைத்தார்.

போகப்போகச் சாப்பாடு நெஞ்சில் நின்று எரிந்தது. பக்கத்து வளவில் உழவு இயந்திரம் உறுமினால் உடம்பு வியர்த்து நடுங்கியது. டொக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் மனதுக்கு ஆலோசனை சொல்லும் உளவளத்துணை அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த இளைஞர் படித்ததைச் சொன்னார்: மன்னித்துவிட்டால் மனம் ஆறும்.

"உம்மட பிள்ளையைக் காட்டிக் குடுத்தவனை முதல்லை நீர் மன்னிச்சிட்டு வாரும் தம்பி. பிறகு நான் யோசிக்கிறன்" என்று சொல்லி இரஞ்சிதம் எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த வருடம் நோய் முற்றித் திரும்பப் போனபோது அந்த இளைஞரின் கதிரையில் பிரேமிளா இருந்தார். மன்னாரைச் சேர்ந்த பெண். கழுத்தில் சிலுவை.

"உங்கட சாமி மன்னிக்கச் சொல்லுறவர், பிள்ளை. என்ரை ஆள் அம்மன். அவ அப்பிடியில்லை."

"நான் மன்னிக்கச் சொல்லேல்லையே அம்மா."

"பிறகென்னத்துக்கு உமக்குச் சம்பளம்?"

பிரேமிளா சிரித்தார். "அம்மாளிட்டை என்ன கேக்கிறனீங்கள்? அவவுக்குச் சொல்லுற மாதிரியே எனக்கும் சொல்லுங்கோ."

இரஞ்சிதம் சொன்னார். கை, கால், பாய், தண்ணீர், ஒன்றும் விடவில்லை. அந்தப் பெண் முகம் சுழிக்காமல் கேட்டிருந்தார். அது பெரிய திறமையல்ல. ஆனால் அந்த அறையில் அதுவரை யாரும் அதைச் செய்திருக்கவில்லை. கேட்டு முடித்ததும் பிரேமிளா ஒரு கேள்வி வைத்தார்.

"மகளின்ரை பேரிலை என்ன கேக்கிறனீங்கள்?"

மகளின் பேரில் இரஞ்சிதம் ஒன்றும் கேட்டதில்லை. பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்வது உயிரோடு இருப்பவர்களுக்கு. இறந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும், திவசமும். எதைச் செய்தாலும், மகள் இருக்கிறாளா இல்லையா என்று பெற்றவளே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். அதனால் அந்தப் பெயர் அம்மனுக்கு முன்னால் ஒருநாளும் சொல்லப்படவில்லை.

"அவளின்ரை பேர் சொல்ல ஏலாது" என்றவர், ஏன் என்பதையும் சொன்னார்.

பிரேமிளா ஆறுதல் சொல்லவில்லை. "அப்ப கோயிலிலை உங்களுக்குச் சொல்லக்கூடியதா இருந்தது கணபதியின்ரை பேர் மட்டுந்தான்."

இரஞ்சிதம் கோபித்துக்கொண்டு கொஞ்சக் காலம் அந்தப் பக்கம் போகவில்லை.

அந்த இடைவெளியில்தான் கணபதிக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது. அன்று இரஞ்சிதம் பாயாசம் காய்ச்சினார். குசினியில் தனியே இருந்து இரண்டு கோப்பை குடித்தார். நெஞ்சு எரியவேயில்லை.

சில நாட்களில் கமலேஸ்வரி வந்து வாசற் படலையைப் பிடித்தபடி நின்றார்.

"அக்கா, ஐயர் சொன்னவர். இவ்வளவு காலமும் நீங்கள் இவரின்ரை பேரிலை அர்ச்சனை செய்தபடியாலைதானாம் உயிர் தப்பினது. விட்டிடாதேங்கோ."

இரஞ்சிதத்துக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஐயர் காதில் விழுந்தவை பெயரும் நட்சத்திரமும் மட்டும். அவற்றுக்கு அவர் ஆயுளும் ஆரோக்கியமும் செல்வமும் வேண்டி மந்திரம் சொல்லியிருக்கிறார். அப்படியானால் உழவு இயந்திரமும் கல்வீடும் இந்தத் தட்டிலிருந்தா போயின?

"நான் அவர் சாகவேணுமெண்டு கேட்டனான், கமலேஸ்வரி."

"தெரியும் அக்கா. ஐயருக்குத்தான் தெரியாது." கமலேஸ்வரி படலையை விடவில்லை. "எண்டாலும் பேரைச் சொல்லுங்கோ."

மறுநாளே இரஞ்சிதம் ஆஸ்பத்திரிக்குப் போனார். பிரேமிளாவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது இரஞ்சிதத்தின் குரலில் கத்தி தீட்டியதுபோல் ஒரு தெளிவு இருந்தது.

"இந்த வெள்ளி அவன்ரை பேரைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நிண்டாப் போதும். ஆளின்ரை கதை முடிஞ்சுது."

"ஐயர் சொன்னதையோ, நீங்கள் மனசுக்கை சொன்னதையோ அம்மாள் கேட்டவா?"

"ரெண்டையும் கேட்டிருக்கிறா. அதுதான் அவன் சாகவுமில்லை, எழும்பவுமில்லை."

பிரேமிளா கேட்டார்: "வெள்ளிக்கிழமை நானும் வரட்டோ?"

"வாரும். சிலுவையை ஒளிக்க வேண்டாம், அவ கடிக்கமாட்டா."

வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசை. தட்டை வாங்கியபடியே ஐயர் பழக்கத்தில், "கணபதி, கேட்டைதானே?" என்றார். தூணோரம் நின்ற கமலேஸ்வரி நிமிர்ந்தார்.

"பொறுங்கோ ஐயா" என்றார் இரஞ்சிதம். "தாட்சாயினி, ரோகிணி."

ஐயர் தலையாட்டிவிட்டு உள்ளே திரும்பினார்.

"இன்னுமொரு பேர் இருக்கு. கணபதி, கேட்டை."

ஒரே தட்டில் சேர்த்துச் சொல்லப்படுவது ஒரு வீட்டுக்காரரின் பெயர்கள். ஐயர் நின்றார். "ரெண்டு பேரும் ஒரு குடும்பமோ?"

"ஒண்டாச் சொல்லுங்கோ ஐயா."

இரண்டு பெயர்களும் ஒரே மந்திரத்துக்குள் போயின. கமலேஸ்வரி அழுதார். இரஞ்சிதம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த முறை கண்ணை மூடி மிச்சத்தைச் சொல்லவும் இல்லை.

வீதிக்கு வந்ததும் பிரேமிளா, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்.

"பஸ் வருகுது பிள்ளை, கையைக் காட்டி மறியும்" என்றார் இரஞ்சிதம்.