எங்கள் வீட்டில் மட்டும் ஓடிய கல்யாணம்

இவருக்கு மின்சார அலுவலகத்தில் மீட்டர் சோதிக்கிற வேலை. மீட்டர் கண்டபடி ஓடுகிறது என்று யாராவது புகார் கொடுத்தால் பையைத் தூக்கிக்கொண்டு போவார். கருவியை மாட்டிப் பார்ப்பார். "மீட்டர் நல்லாத்தான் இருக்கு. கோளாறு உங்க வீட்டு ஒயரிங்லதான்" என்று சொல்லிவிட்டு வருவார். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும், அதுதான் வினை. காலமெல்லாம் அடுத்தவர் பக்கமே கோளாறைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய மனுஷனுக்குத் தன் பக்கம் திரும்பக் கழுத்து வளையாமல் போய்விட்டது. கட்டிக்கொண்டவள் நான் சொல்கிறேன், இதில் பொய் ஒன்றுமில்லை.

நடுவயதில் இவருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. ஒரு கேமராவும் டிவிடி ரெக்கார்டரும் வாங்கிவந்தார். அதன்பிறகு சொந்தத்தில் எந்த விசேஷமானாலும் பந்தியில் இவரைப் பார்க்க முடியாது. நாற்காலி மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து அதை ரெக்கார்டரில் போட்டு டிஸ்க்கில் ஏற்றி, மேலே மார்க்கரால் அழகாகப் பெயர் எழுதி, உறைபோட்டு, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். பிள்ளைகள் இவருக்கு டிஸ்க் மாமா என்று பெயர் வைத்தார்கள். அதில் இவருக்கு ஒரே பெருமை.

எங்கள் ஒரே பெண்ணின் கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க ஆள் வைக்கலாம் என்றேன். "நான் செத்தா போயிட்டேன்?" என்று குதித்தார். சரி, விட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சம்பந்தியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவர்கள் இருப்பது வேறு ஊர். மண்டபத் தேதியை மாற்ற முடியவில்லை. மாப்பிள்ளை அந்த அம்மாவுக்கு ஒரே பிள்ளை, தகப்பன் இல்லாமல் வளர்த்த பிள்ளை. அவன் கல்யாணத்தன்று அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். கல்யாணம் முடிந்து போனில் இவரிடம் அழுதபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நீங்க எடுத்த வீடியோலயாவது என் பையனை நான் பார்க்கணும் சம்பந்தி."

இவர் முதல் வேலையாக டிஸ்க்கை அனுப்பினார். இரண்டு நாளில் மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"மாமா, டிஸ்க் ஓட மாட்டேங்குதே."

"பிளேயர் பழசா?"

"கொஞ்சம் பழசுதான்."

"பின்னே? அதை முதல்ல மாத்துங்க மாப்பிள்ளை."

அப்புறம் புகார் வரவில்லை. அடுத்த முறை பார்த்தபோது, சம்பந்தியம்மா கம்பை ஊன்றி வாசல்வரை வந்து, "கண் நிறையப் பார்த்தேன் சம்பந்தி. மேடைல உங்க பொண்ணு கண்ணு கலங்கினதைக்கூட எடுத்திருக்கீங்களே!" என்றார். இவருக்கு வாயெல்லாம் பல். வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி என் காதைத் தின்றார்.

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. போன மாதம் பெண்ணைப் பார்க்க அங்கே போயிருந்தோம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். இவருக்குக் கை சும்மா இருக்காதே! அலமாரியில் தம் டிஸ்க்கைக் கண்டதும் எடுத்துவிட்டார்.

"போட்டுப் பார்ப்போமா?"

"இப்ப எதுக்குப்பா? டீ ஆறுது, குடிங்க" என்றாள் பெண். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. இவர் அதற்குள் தட்டைத் திறந்து டிஸ்க்கை வைத்துவிட்டார்.

பிளேயர் கொஞ்ச நேரம் முனகியது. பிறகு டிஸ்க் இல்லை என்று திரையில் காட்டியது. இவர் வெளியே எடுத்தார், சட்டை நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தார், மறுபடி வைத்தார். டிஸ்க் இல்லை. ஒயரைப் பிடுங்கிச் செருகினார். டிஸ்க் இல்லை. கடையில் வாங்கிய ஏதோ சினிமா டிஸ்க்கைப் போட்டார். அது கணீரென்று பாடியது. மறுபடி நம்முடையதைப் போட்டார். கையில் வைத்திருப்பதையே இல்லை என்று சொல்கிற இயந்திரத்தை என்ன செய்வது? வழக்கமான பல்லவியை எடுத்தார்.

"உங்க பிளேயர்தான் மாப்பிள்ளை. லென்ஸ் போயிருக்கும்."

மாப்பிள்ளை சாது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இது நீங்க சொன்னப்புறம் வாங்கினது மாமா."

இவர் சம்பந்தியம்மாவைப் பார்த்தார். "அப்ப நீங்க எதுலம்மா பார்த்தீங்க?"

அந்த அம்மா டீ டம்ளரை எடுத்து இவர் பக்கம் நகர்த்தினார். என் பெண் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். இவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு மட்டும் என்ன, அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. மகன் கல்யாணத்தைப் பார்க்காமலே, எங்கள் மனம் நோகக்கூடாதென்று, அந்த அம்மா மூன்று வருஷமாய்ப் பார்த்தேன் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறார்!

சமையலறையில் பெண்ணைப் பிடித்துக் கேட்டேன். "நான்தாம்மா அத்தைக்கு ஒவ்வொண்ணா கதை மாதிரி சொன்னேன். அப்பா கேட்டா சொல்லட்டும்னு" என்றாள். "அப்பா மூக்குடைஞ்சு நிக்கறதை என்னால பார்க்க முடியாது."

வீட்டுக்கு வந்ததும் இவர் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். நான் கொடுத்த டிஸ்க் ஓடுச்சா, உண்மையைச் சொல்லுங்க என்றார். முதலில் எல்லாரும் நல்லா இருந்துச்சே என்றுதான் சொன்னார்கள். வற்புறுத்தினால் இழுத்தார்கள். என் தங்கை மட்டும் பட்டென்று போட்டு உடைத்தாள்: "ஒண்ணுகூட ஓடல அத்தான். தப்பா நினைச்சுக்காதீங்க." ஒவ்வொரு போனுக்கும் இவர் ஒரு பிடி குறுகிக்கொண்டே வந்தார். அன்று சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. கொடுக்குமுன் எங்கள் வீட்டு ரெக்கார்டரில் போட்டுப் பார்த்தபோது அத்தனையும் ஓடின. எங்கள் வீட்டில் மட்டும்தான் ஓடின.

பரண்மேலிருந்து ரெக்கார்டரோடு வந்த புத்தகத்தை இறக்கி, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். கோளாறு அங்கே இருந்தது. டிஸ்க்கில் ஏற்றி முடித்தபிறகு கடைசியாக ஒரு வேலை உண்டாம். ஃபைனலைஸ் என்று அதற்குப் பெயர். எழுதியது போதும் என்று டிஸ்க்கை மூடி வைப்பது. அதைச் செய்யாவிட்டால் எழுதின இயந்திரத்தைத் தவிர வேறெதற்கும் அதைப் படிக்கத் தெரியாது.

"அந்தப் பேரை நீங்க பார்த்ததே இல்லையா?" என்றேன்.

"பார்த்திருக்கேன்." தலையை நிமிர்த்தவில்லை. "அமுக்கினா அப்புறம் ஒண்ணும் சேர்க்க முடியாதுன்னு போட்டிருந்துச்சு. இடம் மீதி இருக்கேன்னு விட்டேன்."

திட்டத்தான் வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்தபிறகு மோர் கலக்கிக்கொண்டுவந்து கையில் கொடுத்தேன்.

அந்தக் கல்யாண டிஸ்க்கைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ரெக்கார்டரில் போட்டு அந்தப் பொத்தானை அமுக்கினார். நடுவில் கரண்ட் போனால் உள்ளே இருப்பதும் போய்விடும் என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. முடிகிறவரை ஸ்விட்சுக்கு முன்னால் காவல் நின்றார், என்னை மிக்ஸிகூடப் போடவிடவில்லை. பிறகு எதிர்வீட்டுக்குப் போய் அவர்கள் பிளேயரில் போட்டுப் பார்த்தார். மண்டப வாசல் தெரிந்ததும் அங்கேயே நிறுத்தி, மீதியைச் சம்பந்தியம்மாதான் முதலில் பார்க்கணும் என்று எடுத்துவந்துவிட்டார்.

வருகிறோம் என்று பெண்ணுக்குப் போன் செய்தேன். அவள் சந்தோஷப்படவில்லை.

"வேண்டாம்மா. விட்டுடச் சொல்லு."

"ஏன்டி? இப்பதான் நல்லா ஓடுதே!"

"அத்தை இனிமே கேட்கமாட்டாங்கம்மா. சொன்னாக் கேளு."

காரணம் சொல்லவில்லை. அப்பாவை இன்னும் காபந்து பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனோம். சம்பந்தியம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, டிவிக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். இவர் டிஸ்க்கை வைத்தார். ஓடியது. மண்டபம், கூட்டம், மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குவது. அந்த அம்மா "என் ராஜா" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டார். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

அனுப்புமுன் எங்கள் வீட்டில் ஒரே ஒரு தடவைதான் இதைப் போட்டுப் பார்த்தோம். கூடம் நிறையச் சனம், யாரும் யார் பேசுவதையும் கேட்கவில்லை. இங்கே குண்டூசி விழுந்தால் கேட்கும். கேமரா, முன்வரிசையில் சம்பந்தியம்மாவுக்கென்று போட்டுக் காலியாக இருந்த நாற்காலியைக் காட்டி நின்றது. கேமராவுக்குப் பின்னாலிருந்து இவர் குரல், பெரிதாக, தெளிவாக வந்தது.

"சம்பந்தியம்மாவுக்குக் காலாம்! யாரு காதுல பூ சுத்தறாங்க? பொண்ணைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிட்டுப் போறது."

அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பு.

பெண் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கு முன்பே தெரியும். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது டிஸ்க்கைக் கொண்டுவந்து, எங்கள் ரெக்கார்டரில் தனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஓடாத டிஸ்க்கை அதனால்தான் ஓடாமலே இருக்கவிட்டாள். இவர் ரிமோட்டைத் தேடினார். கைக்கு அகப்படவில்லை.

"நிறுத்தாதீங்க" என்றார் சம்பந்தியம்மா. "என் பையனை இன்னும் முழுசா பார்க்கலை."

முழுவதும் பார்த்தோம். கல்யாணம் நடந்தது, பெண் கண்கலங்கினாள், எல்லாரும் கைதட்டினார்கள். முறிந்து சேர்ந்த அந்தக் கால், மடக்க முடியாமல், எங்களுக்கு முன்னால் நீட்டியபடியே இருந்தது. அதைப் பார்க்காமல் எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை. முடிந்ததும் இவர் எழுந்து அவர் முன்னால் போய் நின்றார்.

"தப்பு என்னோடதும்மா."

"எது சம்பந்தி? டிஸ்க்கா?"

"நான் பேசினது" என்றார். இந்த மனுஷன் தன் கோளாறைத் தன் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா தலையை ஆட்டினார். கம்பை ஊன்றி மெல்ல எழுந்து, இவரைத் தாண்டி, என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

"அந்தச் சிரிப்பு உங்களோடதுதானே?"

"ஆமா" என்றேன்.