கலியாணக் காருக்கு வள்ளத்துப் பெயின்ற்

பேசாலைக் கடற்கரையில் நேற்று ஒருவர் வள்ளத்துக்கு நீலப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். அந்த மணம் என்னை அப்பாவின் தங்கையான மாமியின் கலியாண நாளுக்குக் கொண்டுபோய்விட்டது. ஆண்டு நிச்சயமில்லை. உயிர்த்த ஞாயிறு கழிந்திருக்க வேண்டும், தவக்காலத்தில் நாங்கள் கலியாணம் வைப்பதில்லை.

வள்ள எஞ்சின் திருத்தும் அப்பா, கொழும்பில் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரை வருடக்கணக்காகத் திருத்தி, அந்தக் கலியாணத்துக்கென்றே நீலப் பெயின்ற் அடித்தார்.

"உப்புக் காத்துக்கு வள்ளத்துப் பெயின்ற்தான் தாங்கும்" என்றார். அது காய நாளெடுக்கும் என்பதை அவசரத்தில் மறந்துவிட்டார்.

காருக்கு இரண்டே கதவு. பின் சீற்றிலிருந்து கதவு விளிம்போடு உரசி நெளிந்து இறங்கிய மாமியின் வெள்ளைச் சேலையில் இடுப்பிலிருந்து கீழே நீலம் இழுபட்டிருந்தது.

"பொம்பிளையை இனிக் கடலில இறக்கலாம்" என்று கோயில் வாசலில் யாரோ சொன்னார்கள்.

மாமி திரும்பி, "மற்றப் பக்கமும் பூசிவிடுங்கோ அண்ணை, சமனாப் போகட்டும்" என்றார். சனம் சிரித்தது.

அப்பா சிரிக்கவில்லை. பூசை முடிந்து மாமி வெளியே வந்தபோது, தன் புதுச் சேர்ட்டைக் கழற்றிக் கதவு விளிம்பில் போர்த்திவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் பெனியனோடு நின்றார். நான் பக்கத்து வீட்டாரின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.