மூணாவது பாயிண்டு

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் ஜீப்பு கொதித்து நிற்கிறது; டிரைவர் பானெட்டைத் திறக்கிறார். மேலே ஏலமலையில் மேகம் இருக்கிறது, கீழே வரவில்லை. தோப்புக்கார அம்மாள் லாரித் தண்ணீரில் ஒரு குடம் கொண்டுவருகிறார். பாதியை ரேடியேட்டர் குடிக்கிறது, மீதியை நான்.

தோப்பில் பாதித் தென்னைகளுக்குத் தலை இல்லை. வற்றிய இரண்டு ஆழ்துளைக் கிணறுகளைக் கல்லால் மூடியிருக்கிறார்கள். அவற்றுக்கு இடம் குறித்தவன் நான். நிலத்தடி நீர் பார்ப்பது என் தொழில். எல்லோரும் ஒரே ஊற்றைத்தான் உறிஞ்சுவார்கள் என்று தெரிந்தே பக்கத்துத் தோப்புகளுக்கும் குறித்தேன். அதை அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

அவர் கோபப்படவில்லை. "நீங்களே வந்தது நல்லதாப் போச்சுண்ணே. நாளைக்குப் போர் வண்டி வருது. வெரசா மூணாவது பாயிண்டு ஒண்ணு காட்டிட்டுப் போங்க."

தோப்பைச் சுற்றி வருகிறேன். பழக்கத்தில் விரல் நீள்கிறது, மடக்கிக்கொள்கிறேன்.

"இங்க தண்ணி இல்லம்மா. வண்டிய வர வேண்டாம்னு சொல்லிருங்க."

முப்பது ஆண்டுகளில் யாரிடமும் நான் இப்படிச் சொன்னதில்லை.

அவர் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொள்கிறார். "அப்படியே பக்கத்துத் தோப்புலயும் சொல்லிட்டுப் போங்க. அவரு போட்டா நானும் போட்டுத்தான் ஆகணும்."

சாலையிலிருந்து டிரைவர் ஹாரன் அடிக்கிறார். நான் வேலியைத் தாண்டிக்கொண்டிருக்கிறேன்.