ராகு காலத்து ஆட்டமும் எங்கள் அண்ணனும்

“...நாலரைக்கு முன்னாடியெல்லாம் வேணாம் மாமா. ராகு காலம் போவட்டும், ஆறு மணிக்கு மேல எடுங்க. பசங்க ஆடிட்டு வரட்டும்.”

எங்கள் அண்ணன் காலமான ஞாயிற்றுக்கிழமை காலையில், அவருடைய தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி சொன்ன வார்த்தை இது. பந்தலில் இருந்த பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “பொணம் வூட்ல கீது, ஊரு பந்தாடப் போவுதா? இன்னாம்மா பேசற நீ?” என்று பெரியப்பா கேட்டார். அதற்குப் பிறகு மாலை வரை அண்ணி வாய் திறக்கவில்லை. அழவும் இல்லை.

அண்ணன் உத்திரமேரூருக்குப் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் ஊரில் பிறந்தவர். அப்பா இறந்தபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பஸ் ஸ்டாப்பில் இருந்த பஞ்சர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னாளில் அந்தக் கடையே அவருடையதானது. அம்மாவையும் என்னையும் அந்தக் கடைதான் காப்பாற்றியது. என்னை ஐயங்கார்குளத்தில் கட்டிக்கொடுத்த அன்று என் மாமியாரிடம், “எங்க வூட்டுப் பொண்ணு கொஞ்சம் அதிகமாப் பேசும். காது குடுத்தீங்கன்னா போதும், வேற ஒண்ணும் கேக்காது” என்றார். என்னைப் பற்றி இவ்வளவு சரியாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஊர் கால்பந்து அணியின் பந்து காற்று இறங்கினால் அண்ணனிடம்தான் வரும். தான் ஒட்டிக்கொடுத்த பந்து எப்படி ஓடுகிறதென்று பார்க்க ஒரு நாள் போனார். அதற்குப் பிறகு ஊரில் நடந்த ஆட்டம் ஒன்றையும் அவர் விட்டதில்லை. மைதானம் என்று தனியாக ஒன்றும் கிடையாது, ஏரியின் உள்வாய்தான். தண்ணீர் வற்றினால் ஆட்டம், மழை பிடித்தால் கோல் கம்பம் தண்ணீருக்குள் நிற்கும். சவுக்குக் கழியில் கம்பம், மீன் குத்தகைக்காரர் கழித்துப்போட்ட வலை. ஒரு முறை கோடு போடச் சுண்ணாம்பு கிடைக்காமல் வீட்டிலிருந்து அரிசி மாவை எடுத்துப்போய்க் கோடு போட்டுவிட்டார். இடைவேளைக்குள் ஆடுகள் வந்து ஒரு பக்கத்துக் கோட்டை நக்கியே தீர்த்துவிட்டன. “கொழக்கட்டைக்கு அரைச்ச மாவுய்யா அது!” என்று அண்ணி கரைமேல் நின்று கத்த, “பந்து வெளிய போச்சா, உள்ள கீதான்னு இனிமே ஆட்டத்தான் கேக்கணும்” என்றாராம் அண்ணன்.

எங்கள் அணி ஜெயித்து நான் பார்த்ததில்லை. ஆட்டம் எப்போதும் ஞாயிறு மாலையில்தான் நடக்கும். “ராகு காலத்துல ஆடினா எங்கேர்ந்து ஜெயிக்கறது?” என்று ஊரார் கேலி பேசுவார்கள். “வந்த டீமுக்கும் அதே ராகு காலந்தானடா?” என்பார் அண்ணன். அவர் நிற்கும் இடம் எங்கள் கோலுக்குப் பின்னால். ஏன் அங்கே என்று கேட்டால், “பந்து இங்கதான வரும்? அந்தாண்ட போயி நின்னா நான் யாரப் பாக்கறது?” என்று சிரிப்பார்.

பையன்களில் பாதிப்பேர் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனபின் பதினோரு பேர் சேர்வதே பெரும்பாடானது. அண்ணன் காலையிலேயே வீடு வீடாகப் போவார். “தம்பி, நீ ஓட வேணாம். சும்மா வந்து நில்லு.” அண்ணனின் கடைசிக் கோடையில் எங்கள் அணி ஊர் மண்ணில் ஒரு கோல்கூடப் போடவில்லை. ஒரு ஆட்டத்துக்கு ஆள் சேராமல் போக, இன்னொன்றை விட்டால் போட்டியிலிருந்தே அணியின் பெயரை எடுத்துவிடுவோம் என்று அதை நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அதே கோடையில்தான் சர்க்கரையும் இருதயமும் சேர்ந்து அண்ணனைப் படுக்கையில் தள்ளின. ஏரிவரை நடக்க முடியாது. ஞாயிறு மாலையானால், “போயிக் கேட்டுக்கினு வா. ஒண்ணாவது போட்டானுங்களா?” என்று அண்ணியை அனுப்புவார். “உனுக்கு மாத்திர குடுக்கறதா, பந்துக்குக் காவ காக்கறதா?” என்று திட்டிக்கொண்டே அண்ணி கரைக்குப் போவார். திரும்பி வந்து, “இல்ல” என்பார். “சக்கர எனக்கா, அவனுங்களுக்கா? காலத் தூக்க மாட்றானுங்களே” என்று அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

பார்க்கப் போயிருந்த ஒரு நாள் எனக்குத் தாங்கவில்லை. “போட்டாங்கன்னு ஒரு பொய் சொல்லிடேன் அண்ணி” என்றேன். “சொன்னா, யாரு போட்டதுன்னு கேப்பாரு. எந்தப் பேரச் சொல்லுவேன்?” என்றார்.

அடுத்த ஞாயிறு விடியும்போது அண்ணன் போய்விட்டார். அன்றைக்கும் ஊரில் ஆட்டம் இருந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதற்குமேல் போனால் எனக்கு எழுத வராது. ஆஸ்பத்திரிக்கு ராப்பகலாய் ஆட்டோ ஓட்டிய தம்பிக்கும், சாவு வீட்டுக்குச் சோறும் மோரும் சுமந்துவந்த பக்கத்துத் தெருக்காரர்களுக்கும், முனகிக்கொண்டே ஆனாலும் அண்ணியின் சொல்லுக்குத் தலையாட்டிய பெரியப்பாவுக்கும், ஆட வந்த இடத்தில் முதலில் மாலை வாங்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்த வெளியூர் அணிக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

பையன்களுக்குப் போக மனமில்லை. பெரியப்பாதான், “அந்தப் பொண்ணு சொல்லிடிச்சி இல்ல, போங்கடா” என்று விரட்டினார். நாலு மணிக்கு மேளக்காரர்களும் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒப்பாரி வைத்த பெண்களும் குரலை இறக்கினார்கள். ஏரிப்பக்கமிருந்து சத்தம் வந்தது, அடங்கியது, மறுபடி வந்தது. யார் போட்டது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஆறு மணிக்குப் பையன்கள் புழுதியோடு வந்து பந்தலுக்கு வெளியே நின்றார்கள். யாரும் உள்ளே வரவில்லை. கோல்கீப்பர் மட்டும் வாசல்வரை வந்து, “அண்ணி, தோத்துட்டோம். நாலுக்கு ஒண்ணு” என்றான்.

அண்ணி தலை நிமிர்ந்தார். “ஒண்ணு போட்டீங்களா?”

“போட்டோம் அண்ணி.”

“யாரு போட்டது?”

“மேட்டுத்தெரு சேகரு.”

அண்ணி தலைமாட்டிலிருந்து நகர்ந்து, அண்ணனின் காதோரம் குனிந்து, ஒரு கையால் மாலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, “யோவ், ஒண்ணு போட்டாங்களாம்யா. மேட்டுத்தெரு சேகரு” என்று சொன்னார்.